வெறி இல்லாத இனவெறி

என் காரின் சைலன்சரில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் கவுண்டியில் ஒரு குட்டி நகராட்சியின் கோர்ட் பதிவேட்டைப் புரட்டினால், பழுதான சைலன்சரோடு வண்டி ஓட்டியதற்காக நான் அபராதம் கட்டியிருப்பது தெரியும். நடந்தது வேறு. 35 மைல் வேகத்தில் போகவேண்டிய சாலையில் 52-ல் போய் மாட்டிக்கொண்டேன். போலீஸ்காரர் தன்மையாகத்தான் பேசினார். லைசென்ஸை வாங்கினார், என் பெயரைப் படிக்க இரண்டு முறை முயன்று கைவிட்டார், அபராத டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸில் சொன்னதும் பக்கத்து சீட் நண்பர் சிரித்தார். "இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டிருக்கீங்க? லாயர்கிட்ட குடுத்துடுங்க." அந்த லாயரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. டிக்கெட்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன், கார்டில் பணம் கட்டினேன். சில வாரங்களில் கடிதம் வந்தது. வேகமாக ஓட்டிய குற்றம், பழுதான சைலன்சர் குற்றமாக மாறியிருந்தது. அபராதம் கொஞ்சம் கூடுதல். ஆனால் லைசென்ஸில் குற்றப் புள்ளி ஏறாது, இன்சூரன்ஸ் ஏறாது, கோர்ட் படியையும் மிதிக்கவேண்டாம். நகராட்சிக்குக் காசு, லாயருக்குக் காசு, எனக்கு நிம்மதி. சட்டவிரோதம் எதுவும் இல்லை. இந்த ஊரில் லாயருக்குக் கொடுக்கக் கையில் காசு உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ரொம்ப நாள் இதை நான் ஜோக்காகச் சொல்லித் திரிந்தேன்.

ஃபெர்குசன் அறிக்கையைப் படித்தபிறகு சொல்வதில்லை.

அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை 2015 மார்ச் 4 அன்று வெளியிட்ட அறிக்கை அது. ஃபெர்குசன் எங்கள் கவுண்டியின் வடக்கே, அப்போது 21,000 பேர் வாழ்ந்த சின்ன ஊர். அறிக்கையில் ஒரு கறுப்பினப் பெண் வருகிறார், பெயரில்லாமல். 2007-ல் ஒரே ஒரு முறை காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு அவருக்கு இரண்டு டிக்கெட். 151 டாலர், அதற்கு மேல் கட்டணங்கள். அவரிடம் பணமில்லை. அந்த ஆண்டுகளில் சில காலம் தங்க வீடும் இல்லை. கோர்ட் தேதியையோ தவணையையோ தவறவிட்டபோதெல்லாம் ‘ஆஜராகவில்லை’ என்று ஒரு புதுக் குற்றம் ஏறியது. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைது வாரண்ட், ஒவ்வொன்றுக்கும் தனி அபராதம். ஒருமுறை 25 டாலர், இன்னொரு முறை 50 டாலர் கட்டப் பார்த்தார். முழுத்தொகை இல்லாமல் வாங்கமாட்டோம் என்று கோர்ட் திருப்பி அனுப்பியது. இரண்டு முறை கைதானார், ஆறு நாள் சிறையில் இருந்தார், 550 டாலர் கட்டினார். 2014 டிசம்பரில் அவர் இன்னும் 541 டாலர் பாக்கி.

மேலே உள்ள பத்தியில் நான் கோபப்பட ஒரு ஆளைத் தேடிப் பாருங்கள். டிக்கெட் எழுதியவரா? பணத்தைத் திருப்பி அனுப்பிய குமாஸ்தாவா? அவரவர் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

எனக்கும் என் மச்சானுக்கும் பத்து வருடமாக ஓடுகிற தகராறு இங்கேதான் வந்து நிற்கிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். 1998-ல், 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயம் ஓடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கா வந்தவர். எண் இல்லாமல் பேசினால் அவருக்குப் பிடிக்காது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திய வீடியோ வந்தபோது, அதைப் பார்த்துக் கண் கலங்கியவர். "அவன் கொலகாரன், உள்ள போடணும்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா சிஸ்டமிக் ரேசிசம்னு சொல்றீங்களே மாப்ள, அது எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? வெறி பிடிச்சவன் யாரு, எனக்குக் காட்டுங்க" என்றார்.

அந்தச் சொல் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. ரேசிசத்துக்கு நாம் பத்திரிகையிலும் பேச்சிலும் பழகிவிட்ட சொல் இனவெறி. அதில் பாதி, வெறி. நாய்க்கு வெறி பிடிக்கும், குடித்தவனுக்கு வெறி ஏறும். வெறி என்றதும் நமக்கு ஒரு ஆள் வேண்டும்: கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்தால் தலையில் வெள்ளை முக்காடும் போட்டுக்கொண்டு. ஒரு தவணை அட்டவணைக்கு வெறி பிடிக்குமா? ஒரு நகராட்சி பட்ஜெட்டுக்கு? ‘கட்டமைப்பு சார்ந்த இனவெறி’ என்று மொழிபெயர்த்துவிட்டு நாம் கட்டமைப்பை விட்டுவிடுகிறோம், வெறியைத் தேடிக் கிளம்புகிறோம். ஆள் கிடைக்கவில்லை என்றதும் வழக்கு தள்ளுபடி.

ஃபெர்குசன் விஷயத்தில் ஆளைத் தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மச்சான் இதைப் படித்துவிட்டு போன் போடுவார். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பினப் பையனை போலீஸ்காரர் டேரன் வில்சன் சுட்டுக் கொன்றார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனைச் சுட்டார் என்று நாடே நம்பியது, நானும் நம்பினேன். 2015 மார்ச் 4 அன்று நீதித்துறை ஒரு அறிக்கை அல்ல, இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதலாவது, கையைத் தூக்கி நின்றான் என்ற சாட்சியங்களை நம்ப முடியவில்லை, வில்சன் மீது வழக்குத் தொடர ஆதாரமில்லை என்றது. இரண்டாவது, அந்த ஊரின் போலீஸும் கோர்ட்டும் கறுப்பின மக்களின் அரசியல் சாசன உரிமையை வாடிக்கையாக மீறுகின்றன என்றது. ஒரே ஒபாமா அரசு, ஒரே அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், ஒரே நாள். மச்சான் முதல் அறிக்கையைப் பத்து வருடமாக மேற்கோள் காட்டுகிறார். எனக்குத் தெரிந்த போராட்டக்கார நண்பர்கள் இரண்டாவதை மட்டும் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் குறைவு. என் கணக்கில் இந்த விவாதத்துக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. அந்தக் குறிப்பிட்ட ஆள்மீது குற்றத்தை நிறுவ முடியாமல் போகலாம். அவர் வேலை பார்த்த இயந்திரம் அப்போதும் மக்களை நசுக்கிக்கொண்டிருக்கலாம்.

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். ஊர் மக்களில் 67 சதவீதம் கறுப்பினத்தவர். 2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 சதவீதம் அவர்களுடையது, டிக்கெட்டில் 90 சதவீதம், கைதில் 93 சதவீதம். ‘சாலையில் நடந்த விதம்’ என்று ஒரு குற்றம் உண்டு. தெருவின் ஓரத்தில் போகாமல் நடுவில் போனால் அது. அந்த வழக்குகளில் 95 சதவீதம் கறுப்பினத்தவர்மீது. ஒருவர் பார்க்கில் பந்து விளையாடிவிட்டு, நின்றிருந்த தன் காரில் உட்கார்ந்து வேர்வை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர்மீது எட்டு வழக்கு. மைக்கேல் என்ற பெயரை மைக் என்று சொன்னது பொய் வாக்குமூலம். நின்றிருந்த வண்டியில் சீட் பெல்ட் போடாதது இன்னொன்று. இதனால் மத்திய அரசு ஒப்பந்த வேலை போனது என்றார் அவர்.

இதெல்லாம் எதற்காக? பணத்துக்காக. 2010-ல் நகராட்சியின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதுகிறார்: ஆண்டு முடிவதற்குள் டிக்கெட் எழுதுவது கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கஷ்டம். ஒரு விற்பனை மேலாளர் எழுதுகிற மெயில் மாதிரியே இருக்கிறது. 2014 டிசம்பரில் 21,000 பேர் உள்ள ஊரின் கோர்ட்டில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள்மீது வாரண்ட் நிலுவையில் இருந்தது. ஆபத்தானவர்களைப் பிடிக்க அல்ல, பாக்கி வசூலுக்கு.

வெறியும் இல்லாமல் இல்லை. ஒபாமாவைச் சிம்பன்சியாகக் காட்டும் மெயிலை நகராட்சி ஊழியர்கள் அலுவலகக் கணக்கிலேயே சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அது வெளியானதும் கோர்ட் குமாஸ்தா நீக்கப்பட்டார், போலீஸ் அதிகாரிகள் இருவர் ராஜினாமா செய்தார்கள். மச்சானின் கணக்குப்படி நோய் அங்கே தீர்ந்திருக்கவேண்டும். ஆனால் வசூல் இலக்கை அந்த மூவரா போட்டார்கள்? 2015 ஆகஸ்டில், புதிதாக வந்திருந்த நீதிபதி, 2014 இறுதிக்கு முந்தைய வாரண்டுகளை ஒரே உத்தரவில் திரும்பப் பெற்றார். ஊரில் யாருடைய மனமும் மாறவேண்டி இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. கறுப்பின மக்களுக்கு ‘தனிமனிதப் பொறுப்பு’ இல்லாததுதான் இந்த எண்களுக்குக் காரணம் என்று விசாரணையாளர்களிடம் நகராட்சி அதிகாரிகள் சிலர் சொன்னார்கள். அதே அதிகாரிகள் தங்களுக்கும் நண்பர்களுக்கும் வந்த டிக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் ரத்து செய்து வந்ததையும் அறிக்கை கண்டுபிடித்தது. அதைப் படித்தபோது எனக்கு என் சைலன்சர் ஞாபகம் வந்தது.

மச்சான் முட்டாள் இல்லை. அவர் எண்களும் எண்கள்தான். "மக்கள் தொகையில 13 சதவீதம். கொலைக் கேஸ்ல, ஆள் யாருன்னு தெரிஞ்சதுல பாதிக்கு அவங்க. அப்ப போலீஸ் எங்க போவான்?" என்பார். கொலையானவர்களிலும் கிட்டத்தட்டப் பாதி அவர்கள்தான் என்பதை நான் சேர்த்துக்கொள்வேன். போலீஸ் வேண்டாம் என்று அந்தத் தெருக்களில் இருக்கும் பாட்டிகள் சொல்லமாட்டார்கள். கூப்பிட்டால் வா, சும்மா போகிற பேரனை மறிக்காதே என்பார்கள். இரண்டும் ஒரே பாட்டியின் கோரிக்கைதான்.

அப்புறம் ரோலண்ட் ஃப்ரையர். ஹார்வர்டின் பொருளாதாரப் பேராசிரியர், கறுப்பினத்தவர். 2016-ல் அவர் ஆய்வு வந்த அன்று மச்சான் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் சொல் ஒன்றுமில்லை, லிங்க் மட்டும். துப்பாக்கிச் சூட்டில் இன வேறுபாடு எதையும் தன் தரவில் காணவில்லை என்று ஃப்ரையர் சொல்லியிருந்தார். தன் தொழில் வாழ்க்கையிலேயே தன்னை அதிகம் ஆச்சரியப்படுத்திய முடிவு என்றும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வின் மற்ற பாதி: பிடித்துத் தள்ளுவது, சுவரோடு சாத்துவது, விலங்கு மாட்டுவது போன்ற சின்ன பலப்பிரயோகங்களில் கறுப்பினத்தவருக்கு 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வாய்ப்பு. செத்தவர்களின் கணக்கை வைத்தே இந்த விவாதத்தை இரண்டு தரப்பும் நடத்துகிறோம். தினமும் நடக்கிற தள்ளு முள்ளுக்குத் தலைப்புச் செய்தி கிடையாது.

"வேற மாதிரி ஓட்டுறாங்களோ என்னவோ, எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. மக்கள் தொகை சதவீதத்தோடு டிக்கெட் சதவீதத்தை ஒப்பிட்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது. இதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் ஏழு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அப்போது வெளிச்சம், குளிர்காலத்தில் கும்மிருட்டு. சாலை அதே, நேரம் அதே, வேலைவிட்டுப் போகிற ஆட்களும் ஏறக்குறைய அதே. மாறுவது ஒன்றுதான்: இருட்டில் ஓட்டுநரின் முகம் வெளியே தெரியாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, நாடெங்கும் நடந்த சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களைத் திரட்டி இப்படிப் பார்த்தது. 2020-ல் வெளியான முடிவு: இருட்டிய பிறகு நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. ஓட்டும் விதம் சூரியனைப் பார்த்து மாறாது.

இதைக் கேட்டு மச்சான் சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய மௌனம் எனக்கு வெற்றி மாதிரித் தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் அந்த ஆய்வில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டயர் நிக்கோல்ஸ் என்ற கறுப்பின இளைஞரை அடித்துக் கொன்ற ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பினத்தவர். "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ஆளைத் தேடுகிறவருக்கு இது பெரிய புதிர். எனக்கு அப்படி இல்லை. எந்தத் தெருவில், யாரை, எவ்வளவு சுலபமாக அடிக்கலாம் என்பதைச் சீருடை கற்றுக்கொடுக்கிறது. போட்டிருப்பவரின் தோல் அப்புறம்தான். 1986-ல் ஐந்து கிராம் கிராக்குக்கும் (கட்டியாக்கிப் புகைக்கும் கொக்கெயின்) 500 கிராம் கொக்கெயின் தூளுக்கும் ஒரே ஐந்தாண்டு குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டம் போட்டபோது கறுப்பின எம்.பி.க்கள் சிலரும் ஆதரித்தார்கள். தங்கள் தொகுதி அழிவதைப் பார்த்துப் பதறித்தான் கையைத் தூக்கினார்கள். சிறைக்குப் போனது பெரும்பாலும் அவர்கள் தொகுதிப் பிள்ளைகள். அந்த நூற்றுக்கு ஒன்றை 18-க்கு ஒன்றாகக் குறைக்க 2010 வரை ஆனது.

மச்சான் கடைசியாக எப்போதும் கையிலெடுப்பது நம் கதை. "ரெண்டு பெட்டியோட வந்தோம் மாப்ள. நமக்கு யார் என்ன குடுத்தா?" பெட்டியில் இன்ஜினியரிங் சான்றிதழ் இருந்ததை அவர் எண்ணுவதில்லை. நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வாலைப் பிடித்து வந்தது. அந்த முந்தைய சட்டத்துக்காக நாய்க்கடி பட்டவர்கள் நம் ஆட்கள் இல்லை. அதிலும் ஊரில் படித்தவர்களை வடிகட்டித்தான் உள்ளே விட்டார்கள். வடிகட்டி எடுத்தவர்களை, வடிகட்டாத ஒரு சமூகத்தோடு நிறுத்தி ஒப்பிடுவது என்ன கணக்கு என்று ஒரு டேட்டா ஆசாமியிடம் நான் கேட்கவேண்டியிருக்கிறது.

அந்த வடிகட்டியும் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுக்காரர் காலையில் நடக்கப் போனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் திரிகிறான் என்று யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ்காரர் தரையில் சாய்த்த வேகத்தில் கழுத்து எலும்பு அடிபட்டுக் கை கால் ஓரளவு செயலிழந்தது. இரண்டு முறை ஜூரி ஒத்த முடிவுக்கு வராமல், 2016-ல் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். அந்த வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கொந்தளிப்பு. ‘நம்மள கறுப்பன்னு நினைச்சுட்டான்’ என்று எத்தனை பேர் எழுதினார்கள்! கறுப்பராகவே இருந்திருந்தால் சரியா என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அன்று கேட்கவில்லை.

2025 மே மாதம் நீதித்துறை மினியாபொலிஸ், லூயிவில் போலீஸ் துறைகள்மீது தொடுத்திருந்த வழக்குகளைக் கைவிட்டது. மெம்ஃபிஸ் உட்படச் சில ஊர்களின் போலீஸைப் பற்றிய முந்தைய விசாரணை முடிவுகளையும் திரும்பப் பெற்றது. புள்ளிவிவர ஏற்றத்தாழ்வை, வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று பழைய அரசு தப்பாக எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். மச்சான் அந்தச் செய்தியையும் அனுப்பினார். மறுபடியும் சொல் ஒன்றுமில்லை. ஆனால் அது அவர் வாதமேதான்: வேண்டுமென்றே செய்தவனைக் காட்டு.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் செயின்ட் லூயிஸ் நகரை டெல்மார் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே கறுப்பினம், தெற்கே பெரும்பாலும் வெள்ளை. வடக்கில் லபாடி அவென்யூவில் ஒரு வீட்டை 1945-ல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கியது. அந்தத் தெருக்காரர்கள் 1911-லேயே, கறுப்பினத்தவர் யாரும் குடிவரக் கூடாது என்று 50 வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1948-ல், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கோர்ட் வழியாக அமல்படுத்த முடியாது என்று ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மற்ற மூவர் காரணம் சொல்லாமல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். ஆனால் எழுதி வைப்பது குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968 ஆனது. அதற்குள் வங்கிக் கடன் எந்தத் தெருவுக்குப் போகும், எதற்குப் போகாது என்று தீர்மானமாகி ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்துவிட்டது. வெள்ளைக் குடும்பங்கள் விலகிப்போன வடக்கு ஊர்களில் வரி வருமானம் தேய்ந்தது. தேய்ந்த நகராட்சிகளில் பலவும் டிக்கெட் புத்தகத்தை எடுத்தன. ஃபெர்குசனில் 1990-ல் கறுப்பினத்தவர் கால்வாசி. 2014-ல் மூன்றில் இரண்டு பங்கு, ஆனால் 54 போலீஸ்காரர்களில் நான்கே பேர்.

போன வருடம் மச்சான் வாடகைக்கு விட ஒரு பழைய வீடு வாங்கினார். 1941-ல் கட்டியது, செங்கல் வீடு, நல்ல பள்ளிக்கூடம் உள்ள பகுதி. ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு போட்டோ ஒன்று அனுப்பினார். பத்திரத்தோடு வந்த பழைய காகிதங்களில் ஒரு பக்கம். தட்டச்சு எழுத்து. காக்கேசிய இனத்தைச் சேராத எவருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வீட்டு வேலைக்காரராகத் தங்குபவர்கள் மட்டும் விதிவிலக்கு.

உடனே போன் வந்தது. "மாப்ள, நாம காக்கேசியனா இல்லையா?"

சிரிப்பு வந்துவிட்டது. கதையைச் சொன்னேன். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒசாவா என்ற ஜப்பானியருக்குக் குடியுரிமை மறுத்தது: வெள்ளையர் என்றால் காக்கேசியர், நீ காக்கேசியன் இல்லை. மூன்றே மாதத்தில் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி வந்தார்: நான் காக்கேசியன்தானே, கொடுங்கள். அதே கோர்ட், தீர்ப்பை எழுதியதும் அதே நீதிபதி: நீ காக்கேசியனாக இருக்கலாம், ஆனால் சாதாரண மனிதன் புரிந்துகொள்கிற அர்த்தத்தில் வெள்ளையன் இல்லை.

"அப்ப இந்தப் பேப்பர்படி?"

"பேப்பர்படி ஒருவேளை வாங்கலாம் மச்சான். தெருக்காரங்க விட்டிருப்பாங்களான்னு தெரியாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த முறை நானும் அந்த மௌனத்துக்கு அர்த்தம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. "எழுதினவன் செத்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்" என்றார். பிறகு, "வீட்டு விலை மட்டும் ஏறிக்கிட்டே வந்திருக்கு பாருங்க."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு. நல்ல ரேட்டு மாப்ள."